இரண்டு அட்டைகள், ஒரு கடைவாய்ப் பல்

2024 கோகுலாஷ்டமிக்கு மறுநாள். முந்தின நாள் படைத்த தட்டையில் நான்கைந்து டப்பாவில் மிச்சம் இருந்தது. ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு ஒன்றைக் கடித்தேன். உள்ளே வேகாத ஒரு கடலைப்பருப்பு. ‘டக்’ என்ற சத்தம் காதுக்குள் கேட்டது. தட்டைதான் உடைந்தது என்று நினைத்து மென்றுகொண்டே இருந்தேன். நாக்கில் கூர்மையாக ஏதோ இடறிய பிறகுதான் விஷயம் புரிந்தது.

டெக்சஸ் மாநிலம் பிளேனோவுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதுவரை பல் டாக்டரிடம் வருடத்துக்கு இரண்டு முறை போய் கிளீனிங் செய்துகொண்டு, காசு கொடுக்காமல் ஒரு பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டு வருவேன். பல் இன்சூரன்ஸ் என்றால் எனக்கு அவ்வளவுதான். கம்பெனி கொடுக்கிறது, சம்பளத்தில் கொஞ்சம் பிடிக்கிறார்கள், நமக்கென்ன என்றிருந்தேன்.

டாக்டர் எக்ஸ்ரேயைத் திரையில் பெரிதாக்கி, “நம்பர் 30, ரூட் கெனால் தேவைப்படும், மேலே கிரவுன்” என்றார். பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பது ரூட் கெனால், அதன் மேல் மாட்டும் தொப்பி கிரவுன். மதுரையில் இதே பல்லை 46 என்று எழுதுவார்கள். அமெரிக்காவில் மேல் வலது கோடியில் தொடங்கி ஒன்று முதல் 32 வரை நேராக எண்ணிவிடுகிறார்கள். அடுத்து இடது பக்கத்தைக் காட்டி, “இங்கே 19 இல்லையே, எத்தனை வருடமாக?” என்று கேட்டார். 2009இல், கல்லூரிக் காலத்தில், மதுரையில் பிடுங்கியது. பதினைந்து வருடமாக எல்லாவற்றையும் வலது பக்கத்திலேயே மென்றிருக்கிறேன். “அதனால்தான் இதுவும் போயிருக்கிறது” என்றார். தட்டையின் மேல் இருந்த கோபம் பாதி குறைந்தது.

ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்தார்கள். எண்டோடான்டிஸ்ட் (ரூட் கெனால் ஸ்பெஷலிஸ்ட்) செய்யும் ரூட் கெனால் 1,500 டாலர். உள்ளே அடைத்துக் கட்டும் பில்டப் 350. கிரவுன் 1,450. அதற்கு எதிரே டி2740, டி3330 என்று செக்கில் வரும் நம்பர் மாதிரி சில சிகிச்சைக் குறியீடுகள். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வலி ஒரு காரணம், அந்தத் தாள் இன்னொரு காரணம். செல்போனில் தேடத் தேட ‘டென்டல் டிஸ்கவுண்ட் பிளான்’ விளம்பரங்கள் வந்து விழுந்தன. குடும்பத்துக்கு வருடச் சந்தா 159 டாலர், சிகிச்சைக்கு 15 முதல் 50 சதவீதம் வரை தள்ளுபடி, காத்திருப்புக் காலம் இல்லை, உச்சவரம்பு இல்லை. அடியில் சின்ன எழுத்தில் ‘இது காப்பீடு அல்ல’ என்று இருந்தது. இந்த மாதிரித் திட்டம் நடத்துகிறவர்கள் டெக்சஸ் காப்பீட்டுத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன், இருந்தது.

மனதுக்குள் கணக்குப் போட்டேன். கிரவுன் 1,450. தள்ளுபடி அட்டை விலைப் பட்டியலில் அது 985. இன்சூரன்ஸ் கிரவுனுக்குப் பாதி கொடுக்கும். ஆக, 985இல் பாதி, 492 டாலரில் வேலை முடிந்துவிடும்! ஆடித் தள்ளுபடியில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் கிடைத்த மாதிரி ஒரு குஷி. விடிகாலை ஒன்றரை மணிக்கு கிரெடிட் கார்டைத் தேய்த்தேன்.

மறுநாள் ரிசப்ஷனில் இரண்டு அட்டைகளையும் பெருமையாக எடுத்து வைத்தேன். அங்கே இருக்கும் பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். என்னைப் போன்றவர்களை நிறையப் பார்த்தவர் என்று அவர் சிரிப்பே சொன்னது.

“ஒரே சிகிச்சைக்கு இரண்டும் ஓடாது. ஏதாவது ஒன்றுதான்” என்றார்.

ஏன் என்று கேட்டதற்குக் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். கிரவுனுக்கு இந்த கிளினிக்கின் சொந்த விலை 1,450. ஆனால் என் இன்சூரன்ஸ் கம்பெனியின் நெட்வொர்க்கில் இவர்கள் இருப்பதால், அந்தக் கம்பெனியோடு ஒப்புக்கொண்ட விலை 900. இவர்கள் என்னிடமும் கம்பெனியிடமும் சேர்த்து வாங்கக்கூடியதே அந்த 900தான். அதில் பாதியை இன்சூரன்ஸ் கொடுக்கும், என் பங்கு 450.

நான் ராத்திரி கண்ட கனவே 492 டாலர். எந்தத் தந்திரமும் இல்லாமல் சும்மா வந்திருந்தாலே 450!

அன்று எனக்கு உறைத்தது இதுதான். பல் இன்சூரன்ஸ் அட்டை என்று நாம் பையில் வைத்திருப்பதே முதலில் ஒரு தள்ளுபடி அட்டை. 1,450 என்பது 900 ஆவதற்கு இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு பைசா கொடுக்கவில்லை. ஒப்பந்தம்தான் கொடுத்தது. அதற்கு மேல் கொஞ்சம் காப்பீடு தூவியிருக்கிறார்கள். ஏற்கெனவே ஒரு தள்ளுபடி அட்டை இருக்கிறவன் இன்னொரு தள்ளுபடி அட்டையை வாங்கி ஒன்றின்மேல் ஒன்று அடுக்கப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காப்பீடு எவ்வளவு கொஞ்சம் என்பது அடுத்த இரண்டு மாதத்தில் தெரிந்தது. எங்கள் திட்டம் இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் 100-80-50 வகை. கிளீனிங், பரிசோதனை, வழக்கமான எக்ஸ்ரேக்கு நூறு சதவீதம். ஃபில்லிங், ரூட் கெனாலுக்கு எண்பது. கிரவுன், பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பிரிட்ஜ் போன்ற பெரிய வேலைகளுக்கு ஐம்பது. சில திட்டங்களில் ரூட் கெனாலையும் ஐம்பதில் தள்ளிவிடுவார்கள், நான் தப்பித்தேன். முதலில் டிடக்டிபிள் 50 டாலர் நம் கையிலிருந்து போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கூரை: ஆளுக்கு வருடத்துக்கு 1,500 டாலர் வரைதான் தருவார்கள்.

ரூட் கெனாலின் ஒப்பந்த விலை 1,050. டிடக்டிபிள் போக ஆயிரத்தில் எண்பது சதவீதம், 800. பில்டப் 190இல் பாதி, 95. கிரவுனுக்கு 450. மொத்தம் 1,345. பிப்ரவரி கிளீனிங்குக்கும் ஆகஸ்ட் பரிசோதனைக்கும் ஏற்கெனவே 140 போயிருந்தது. ‘இலவச’ கிளீனிங்கும் அந்த 1,500க்குள் கழியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. கழிக்காத திட்டங்களும் உண்டு, எங்களுடையது கழிக்கும். ஆக, ஒரே ஒரு பல், ஒரே ஒரு பருப்பு, வருடத்தில் மிச்சம் இருந்தது 15 டாலர்.

மருத்துவ இன்சூரன்ஸில் நாம் ஒரு எல்லை வரை கொடுத்தால் அதற்கு மேல் அவர்கள் கொடுப்பார்கள். பல்லில் தலைகீழ். அவர்கள் ஒரு எல்லை வரை கொடுப்பார்கள், அதற்கு மேல் முழுக்க நாம். பெரிய நஷ்டத்திலிருந்து காப்பாற்றத்தானே காப்பீடு என்று பெயர்? இது சின்ன நஷ்டத்துக்கு ஒத்தாசை செய்துவிட்டு, பெரிய நஷ்டம் வரும்போது கை கழுவிக்கொள்கிறது.

இதன் கதையைத் தேடிப் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆரம்பம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. 1954இல் அமெரிக்காவின் மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம் தங்கள் பிள்ளைகளின் பல்லைப் பார்க்க ஏற்பாடு வேண்டும் என்று கேட்டது. வாஷிங்டன், ஆரிகன், கலிஃபோர்னியா மாநிலப் பல் மருத்துவர்கள் அதற்காக அமைத்த சேவைகள்தான் பின்னாளில் டெல்டா டென்டல் என்ற பல் இன்சூரன்ஸ் அமைப்பாயின. மூட்டை தூக்குகிறவர்கள் பிள்ளைகளுக்காகக் கேட்டு வாங்கியது அது. 1970களில் பல திட்டங்களில் ஆயிரம் டாலர் வருட உச்சவரம்பு இருந்தது. ஐம்பது வருடம் கழித்தும் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்றே பல திட்டங்கள் நிற்கின்றன. 1970இல் ஆயிரம் டாலருக்கு வாங்கியதை இன்று வாங்க ஏறக்குறைய எட்டாயிரம் வேண்டும். 2022இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தி, பல் இன்சூரன்ஸ் கம்பெனிகள் வாங்கும் பிரீமியத்தில் 83 சதவீதத்தையாவது சிகிச்சைக்குச் செலவழிக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நான் இருப்பது டெக்சஸ், பெருமூச்சு விடுவதற்கு மட்டும் தடையில்லை.

நவம்பரில் இன்னொரு பல்லில் சொத்தை. எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். உச்சவரம்பு தீர்ந்தாயிற்று, இப்போதாவது 159 டாலர் அட்டைக்கு வேலை வந்ததே! ரிசப்ஷனில் அதை நீட்டினேன். அந்த அம்மாள் மறுபடி திரையைத் திருப்பினார். ஃபில்லிங்குக்கு கிளினிக் விலை 260. என் தள்ளுபடி அட்டை விலை 170. இன்சூரன்ஸ் ஒப்பந்த விலை 148.

“ஆனால் இன்சூரன்ஸில்தான் பணம் தீர்ந்துவிட்டதே?”

“பணம்தான் தீர்ந்தது, விலை தீரவில்லை.”

அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் இப்படித்தான் மனதில் வைத்திருக்கிறேன். எங்கள் திட்டத்தில் ஃபில்லிங் ‘உள்ளடங்கிய’ சிகிச்சை. உச்சவரம்பு முடிந்தாலும் நெட்வொர்க்கில் உள்ள டாக்டர் அந்தச் சிகிச்சைக்கு ஒப்பந்த விலைதான் வாங்க வேண்டும். எல்லா ஒப்பந்தமும் இப்படி இல்லை, மாநிலச் சட்டங்களும் வேறுபடும் என்பதால் வேலையை ஆரம்பிக்கும் முன் கேட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார். நான் கொடுத்தது 133. அந்தப் பதினைந்து டாலரையும் மறக்காமல் கழித்துக்கொண்டார்கள். டிசம்பரில் வரவேண்டிய கிளீனிங்கை ஜனவரிக்குத் தள்ளிவைத்தேன். ஜனவரி முதல் தேதி கூரை புதிதாகும்.

முன்பே தெரிந்திருந்தால் கிரவுனையே ஜனவரிக்குத் தள்ளியிருக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். ரூட் கெனால் செய்த பல் காய்ந்த குச்சி மாதிரி, கிரவுன் இல்லாமல் மாதக்கணக்கில் விட்டால் பிளந்துகொள்ளும், அப்புறம் பிடுங்குவதுதான் என்றார். நவம்பர் கடைசியில் உடைந்திருந்தால் வருடத்தைத் தாண்டிப் பிரித்துப் போடலாம். ஆகஸ்டில் உடைந்ததற்கு வழியில்லை. பல்லுக்கும் ஒரு முகூர்த்தம் வேண்டியிருக்கிறது.

ஆக 2024 முடியும்போது என் தள்ளுபடி அட்டை சம்பாதித்துக் கொடுத்தது பூஜ்யம்.

நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் இதைப் புலம்பினேன். ஒருவர் உடனே வழி சொன்னார். நெட்வொர்க்கில் இல்லாத, ஆனால் தள்ளுபடி அட்டையை ஏற்கும் டாக்டரிடம் போ. இன்சூரன்ஸுக்கு முழு விலையில் பில் போடச் சொல், உன் பங்கை மட்டும் தள்ளுபடி விலையில் கொடு. கேட்க இனிக்கிறது. ஆனால் டாக்டர் உண்மையில் 985தான் வாங்குகிறார், 1,450 என்று எழுதி அனுப்பினால் அது பொய் பில். மாட்டிக்கொண்டால் டாக்டரின் லைசென்ஸ் வரை போகும். நேர்மையான வழியும் ஒன்று இருக்கிறது. டாக்டர் 985 என்றே பில் அனுப்பலாம், அதன் மேல் இன்சூரன்ஸ் தன் விதிப்படி தரவேண்டியதைத் தரும். இதற்கு ஒப்புக்கொள்ளும் டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் என்னைப் போல நெட்வொர்க்கிலேயே நல்ல டாக்டர் இருக்கிறவனுக்கு அது சுற்றுவழி. இரண்டு இன்சூரன்ஸ் இருந்தால் எது முதல், எது இரண்டாவது என்று கம்பெனிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ளும். தள்ளுபடி அட்டை காப்பீடே இல்லை என்பதால் அந்தப் பந்தியில் அதற்கு இலை கிடையாது.

கடைசியில் அதற்கு இலை விழுந்தது வேறு இடத்தில், பதினைந்து வருடமாகக் காலியாக இருந்த 19இல்.

வலது பக்கம் இனியும் ஒற்றை ஆளாகச் சுமக்க முடியாது, இடது பக்கம் ஒரு பல் வைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்சூரன்ஸ் புத்தகத்தை முதல்முறையாக முழுதாகப் படித்தேன். பிரிட்ஜுக்குப் பாதி தருவார்கள். ஆனால் திட்டத்தில் சேரும் முன்பே போன பல்லுக்குக் கிடையாது என்று ஒரு விதி. நான் சேர்ந்தது அமெரிக்கா வந்த பிறகு, பல் போனது மதுரையில். இம்ப்ளாண்ட்டோ எந்தப் பல்லுக்கும் கிடையாது, திட்டத்திலேயே இல்லாத சிகிச்சை. இல்லாத சிகிச்சைக்கு ஒப்பந்த விலையும் இல்லை. எலும்பில் திருகும் ஸ்க்ரூ 2,200, மேலே கிரவுனைத் தாங்கும் அபட்மென்ட் 800, அதற்கு மேல் கிரவுன் 1,700. ஆக 4,700 டாலர், முழு விலை.

தள்ளுபடி அட்டை இங்கேதான் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தது. அதன் பட்டியலில் ஸ்பெஷலிஸ்ட்டுகளுக்கு இருபது சதவீதத் தள்ளுபடி. அக்கம்பக்கத்தில் மூன்று பெரியோடான்டிஸ்ட் (ஈறு, எலும்பு ஸ்பெஷலிஸ்ட்) பெயர்கள் இணையத்தில் இருந்தன. போன் செய்தால் இருவர் “அந்த பிளானை நாங்கள் விட்டு வெகுநாள் ஆயிற்று” என்றார்கள். வாங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய போன் அது. மூன்றாமவர் ஏற்றார், குறியீடு வாரியாக விலையை எழுதி மின்னஞ்சலிலும் அனுப்பினார். 3,760. சந்தாவைக் கழித்தாலும் 781 டாலர் மிச்சம்.

இன்னொன்றும் செய்தேன். தள்ளுபடியை விட அதில்தான் அதிகம் மிஞ்சியது என்பதால் சொல்கிறேன். நவம்பர் ஓப்பன் என்ரோல்மென்ட்டில், அதாவது அடுத்த வருடத் திட்டங்களைக் கம்பெனியில் தேர்ந்தெடுக்கும் சமயத்தில், 2025க்கான எஃப்எஸ்ஏ என்ற மருத்துவச் செலவுக் கணக்கில் உச்சபட்சமான 3,300 டாலரைப் போட்டேன். வரி பிடிக்கும் முன்பே சம்பளத்திலிருந்து ஒதுக்குகிற பணம். எனக்கு வருமான வரியும் சம்பள வரியும் சேர்த்து ஏறக்குறைய 980 டாலர் மிச்சம். பணம் வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடிபடும், ஆனால் ஜனவரியிலேயே மொத்தத்தையும் செலவு செய்யலாம். ஜனவரி மூன்றாம் வாரம் ஸ்க்ரூ போட்டார்கள். எலும்போடு அது ஒட்ட ஐந்து மாதம். ஜூனில் கிரவுன் ஏறியது.

நடுவில் மார்ச்சில் அம்மா வந்தார்கள். வந்த இரண்டாவது வாரம் கீழ்த் தாடையில் வலி, கன்னம் லேசாக வீங்கியிருந்தது. புறப்படும்போது எடுத்த விசிட்டர் இன்சூரன்ஸில் திடீர்ப் பல் வலிக்குச் சொற்பத் தொகை இருந்தது. ஆனால் அதன் டிடக்டிபிளே 250 டாலர். அதாவது ஒன்றும் இல்லை. எங்கள் தள்ளுபடித் திட்டத்தில் ஒரே வீட்டில் இருப்பவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது. போன் செய்தேன். வயது கேட்கவில்லை, விசா கேட்கவில்லை, பழைய வியாதி கேட்கவில்லை. மூன்று நாளில் செல்லும் என்றார்கள்.

“என்னடா, ரேஷன் கார்டுல பேர் சேக்கற மாதிரி சேத்துட்ட?” என்றார்கள் அம்மா, கிராம்பைக் கடித்துக்கொண்டு.

“அதே மாதிரிதாம்மா. ஆனா இங்க சர்க்கரை தரமாட்டாங்க.”

“பல் டாக்டர் சர்க்கரை வேற குடுப்பானா!”

பரிசோதனையும் எக்ஸ்ரேயும் 130க்குப் பதில் 60. பிடுங்க 240க்குப் பதில் 140. அந்த இடத்தில் பிரிட்ஜ் போட என்ன ஆகும் என்று டாக்டர் சொன்ன தொகையை அம்மா ரூபாயில் பெருக்கிப் பார்த்தார்கள். தள்ளுபடி போகவும் அது ஒரு லட்சத்தைத் தாண்டி எங்கோ போனது. “பஞ்சு வச்சு விடச் சொல்லு. மிச்சத்த நான் மதுரைல பாத்துக்கறேன்.” பார்த்துக்கொண்டார்கள். பிளேனோ எக்ஸ்ரேயைப் போனில் காட்டியபோது மதுரை டாக்டர் “இது என்ன நம்பர், நம்ம நம்பர் இல்லையே” என்றாராம்.

வேறு சிலர் கிளினிக்கே நடத்தும் மெம்பர்ஷிப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். வருடத்துக்கு ஒரு தொகை, அதில் இரண்டு கிளீனிங், மற்றதற்குக் கொஞ்சம் தள்ளுபடி. எங்கள் டாக்டரிடமும் இருக்கிறது, ஆனால் இன்சூரன்ஸ் உள்ளவர்களுக்குக் கிடையாது என்று பலகையிலேயே எழுதியிருக்கிறார்கள். கம்பெனி இன்சூரன்ஸ் இல்லாத, சொந்தத் தொழில் செய்கிற நண்பர் ஒருவர் அதில்தான் இருக்கிறார், திருப்தியாக.

போன வாரம் தள்ளுபடித் திட்டத்திலிருந்து மின்னஞ்சல். சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும், வேண்டாமென்றால் சொல்லவும். எனக்கு இம்ப்ளாண்ட் முடிந்தாயிற்று, அம்மா ஊருக்குப் போயாயிற்று. நிறுத்திவிடலாம் என்று போனை எடுத்தேன்.

“இரு இரு” என்றாள் மனைவி. ராத்திரியில் பல்லை நறநறவென்று கடிக்கிறாள் என்று டாக்டர், தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும் நைட் கார்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்சூரன்ஸ் புத்தகத்தில் தேடினோம், கிடையாது. டிசம்பரில் அவள் தம்பி கல்யாணம். அதற்கு முன் பல்லை வெளுப்பாக்கும் ட்ரே ஒன்றும் வேண்டுமாம். அழகுக்குச் செய்வது, பெரும்பாலான இன்சூரன்ஸ் தொடாது.

நைட் கார்டு 600, அட்டை விலை 480. ட்ரே 400, அட்டை விலை 320. மொத்தம் 200 மிச்சம், சந்தா 159. நாற்பத்தொரு டாலர் லாபம் என்று அவளிடம் காட்டினேன்.

“அதுல எனக்கு வளையல் வாங்கிக் குடு” என்றாள். போனைக் கீழே வைத்துவிட்டேன்.